ரெட் ஆற்றங்கரைக் களிமண்ணில் பாத்தி எடுத்த அனுபவம்

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், வின்னிபெக் நகரிலிருந்து தெற்கே மோரிஸ் நோக்கிச் செல்லும் வழியில், ரெட் ஆற்றை ஒட்டிய மூன்று ஏக்கர் நிலத்தை 2020-ஆம் ஆண்டு வசந்தத்தில் காய்கறி பயிரிடக் குத்தகைக்கு எடுத்தேன். முதல் ஆண்டு முழுவதும் அந்த நிலத்தோடு சண்டை போட்டுத் தோற்றேன். இரண்டாம் ஆண்டில் குழி தோண்டி, அந்த மண் எத்தகையது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். அதன் பிறகே பாத்தியும் வடிகாலும் அமைத்தேன். தோற்ற ஆண்டின் விவரங்களையும் அளவுகளையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தது இந்தப் பதிவுக்கு உதவியது.

ஆற்று முகத்திலிருந்து பின்னோக்கி நீளும் ஒடுக்கமான பட்டை நிலம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெட்டிஸ் மக்களும் (பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்தவர்கள்) பிரெஞ்சு மொழியினரும் இந்த ஆற்றங்கரைகளில் குடியேறியபோது, எல்லோருக்கும் ஆற்று முகம் கிடைக்க வேண்டும் என்பதற்காக நிலங்களை இப்படி நீளப் பட்டைகளாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த வடிவம் இன்றும் வரைபடத்தில் தெரிகிறது. என் பங்கு, அத்தகைய பட்டை ஒன்றின் முன்பகுதி.

பார்வைக்கு நிலம் மேசைப்பலகை போலத் தட்டையாக இருந்தது. ஆற்றின் பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இருக்கும் என்றே முதலில் நினைத்தேன். ஒளி ஊடுருவும் நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் குச்சிகளில் கட்டி, பத்து மீட்டருக்கு ஒருமுறை மட்டம் பார்த்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. கரையை ஒட்டிய பகுதிதான் உயரம். அங்கிருந்து 110 மீட்டர் பின்னால் சென்றால் 46 செ.மீ. தாழ்ந்துவிடுகிறது. கரைபுரண்டு வரும் வெள்ளம் வேகம் குறைந்தவுடன் தன்னிடமுள்ள பருமனான வண்டலை முதலில் கரையோரத்திலேயே போட்டுவிடுகிறது; மிக நுண்ணிய களி மட்டும் நீரோடு பின்னால் போய், தேங்கிய குட்டையில் நாட்கணக்கில் மெல்ல அமர்கிறது. ஆகவே கரை மேடாகவும் ஓரளவு இலகுவாகவும், பின்புறம் பள்ளமாகவும் கனத்த களியாகவும் அமைந்துவிடுகின்றன. வெள்ளச் சமவெளி நிலம் வாங்குகிறவர்கள் யாராயினும் முதலில் இந்த மட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அரை நாள் வேலைதான்.

இனி முதல் ஆண்டின் தவறு. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்தவன். கரிசலும் இந்த மண்ணும் மண்ணியலார் வெர்டிசால் என்று அழைக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதனால் எனக்கு இது பழகிய மண் என்ற துணிச்சல் இருந்தது. மே 18 அன்று மேல்மண் சாம்பல் பூத்தாற்போல் காய்ந்திருப்பதைக் கண்டு, வாடகைக்கு ஒரு ரோட்டவேட்டர் எடுத்து வந்து பின்பகுதியில் கால் ஏக்கரை ஓட்டினேன். ஊரில் மழை நின்று சில நாள் வெயில் அடித்தால் கரிசல் தானாகப் பதத்துக்கு வந்துவிடும். இங்கே மே மாதத்தில் மண்ணின் குளிர்ச்சி போகவில்லை, ஒரு மீட்டருக்குக் கீழே உறைபனி மிச்சமிருக்கலாம், உருகிய பனிநீர் கீழே இறங்க வழியில்லாமல் நிற்கிறது. காய்ந்திருந்தது மேலே ஐந்து செ.மீ. மட்டுமே. அதற்குக் கீழே இருந்தது கண்ணாடிச் சட்டத்துக்கு அப்பும் மக்கு போன்ற களி.

ரோட்டவேட்டரின் கத்திகள் அந்தக் களியை உடைக்கவில்லை, வழித்தன. பன்னிரண்டு செ.மீ. ஆழத்தில் சாணி மெழுகிய தரை போல ஒரு வழவழப்பான தளம் உருவாகிவிட்டது; மேலே கிடந்தவை முஷ்டியளவு உருண்டைகள். நெல் வயலுக்குத் தொளி உழவு, அதாவது சேறடிப்பு, வேண்டும், ஏனென்றால் அங்கே தண்ணீர் நிற்பதுதான் தேவை. நான் காய்கறிக்குத் தொளி அடித்திருந்தேன். ஜூன் நடுவில் அந்த உருண்டைகள் செங்கல்லாகின. ஒன்றை எடுத்து இடுப்புயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டுப் பார்த்தேன். முனை கூட உதிரவில்லை. விதைத்த கேரட்டில் கால்வாசி முளைத்தது. பீன்ஸ் முளைத்தது, ஆனால் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றபடி வெளிறிய மஞ்சளாக நின்றன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தவறை இன்னொரு தவறால் திருத்தப் பார்த்தேன். களிமண்ணில் மணல் கலந்தால் இளகும் என்ற பரவலான நம்பிக்கையில், பன்னிரண்டு சதுர மீட்டர் பாத்தி ஒன்றில் அரை டன் மணலைக் கொட்டிக் கிளறினேன். அடுத்த மழைக்குப் பின் அந்தப் பாத்திதான் மற்ற எல்லாவற்றையும் விட இறுகியது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தப் பாத்தியில் 20 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ இரண்டரை டன்னுக்கு மேல் மண் இருக்கிறது. அதன் களியளவை 68 விழுக்காட்டிலிருந்து 30-க்குக் கொண்டுவர வேண்டுமானால், மண்ணின் எடையை விட அதிகமான, அதாவது மூன்று டன்னுக்கு மேற்பட்ட மணல் தேவை. அதற்குக் குறைவாகப் போடும்போது மணல் துகள்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. களிக்குள் ஆங்காங்கே பதிந்து, கான்கிரீட்டில் ஜல்லி செய்யும் வேலையைச் செய்கின்றன. கால் ஏக்கருக்கே இந்தச் செலவைத் தாங்க முடியாது. இந்த மண்ணில் வேறொன்றைக் கலந்து அதை வேறு மண்ணாக்கும் எண்ணத்தை அத்தோடு கைவிட்டேன்.

2021 இங்கே கடும் வறட்சி ஆண்டு. காய்கறிக்கு அது துன்பம். மண்ணைப் படிக்க அதைவிட நல்ல ஆண்டு கிடைக்காது. ஆகஸ்டில் பின்நிலம் முழுவதும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பாளங்களின் அகலம் 40 முதல் 60 செ.மீ.; வெடிப்பின் வாய் நான்கு, ஐந்து செ.மீ. வேலிக் கம்பியை நீட்டி உள்ளே விட்டுப் பார்த்தால் பல இடங்களில் 90 செ.மீ. வரை தடையில்லாமல் இறங்கியது. அளந்துகொண்டிருந்தபோது சட்டைப் பையிலிருந்த ஒரு திருகுக்குறடு நழுவி உள்ளே போய்விட்டது. மேல்மண்ணும் இப்படித்தான் விழுகிறது என்பது சில வாரங்கள் கழித்துக் குழியில் கண்ணால் தெரிந்தது.

செப்டம்பரில், நிலத்தடியில் எரிவாயுக் குழாயோ மின்கம்பியோ இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, ஒன்றரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் 120 செ.மீ. ஆழமும் கொண்ட குழியைப் பின்நிலத்தில் வெட்டினேன். கடப்பாரையும் மண்வெட்டியுமாக இரண்டு நாள் பிடித்தது. ஒரு பக்கத்தைப் படிகளாக விட்டேன். இத்தகைய மண்ணின் சுவர் காய்ந்திருக்கும்போது கல் போல நிற்கும். ஒரு மழை பெய்தால் அறிவிப்பின்றிச் சரியும். மழை வரும் அறிகுறி தெரிந்தால் உள்ளே இறங்கக் கூடாது.

குழிச் சுவரைக் கத்தி முனையால் நெம்பிப் புது முகம் எடுத்துப் பார்த்தேன். மேலே நான்கு செ.மீ. சோளக்குருணை போன்ற உதிரி மணிகள். அதன் கீழ் 22 செ.மீ. வரை கறுத்த மண். ஐரோப்பியர் ஏர் வருமுன் இந்தச் சமவெளியில் ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்த புற்கள், தம் ஆழமான சல்லிவேர்களால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சேர்த்த கருமை அது. அந்த உயர்புல் வெளியில் மானிடோபாவில் இன்று எஞ்சியிருப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கறுப்பு 22 செ.மீ.-உடன் நேர்கோடாக முடியவில்லை. நாக்குகளைத் தொங்கவிட்டது போல 70 செ.மீ. வரை ஆங்காங்கே இறங்கியிருந்தது. பழைய வறட்சிகளில் வெடிப்புகளுக்குள் சரிந்து விழுந்த மேல்மண் அது. விழுந்த மண் அடியில் இடத்தைப் பிடித்துக்கொள்ள, அடுத்த மழையில் களி உப்பும்போது இடம் போதாமல் பக்கவாட்டில் நெருக்கும். அந்த நெருக்கலின் தடயம் 40 செ.மீ.-க்குக் கீழே தெளிவாகத் தெரிந்தது: மெழுகு பூசியது போல மினுங்கும் சாய்ந்த தளங்கள், அவற்றின் மேல் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள். ஒரு மண்பாளம் இன்னொன்றின் மேல் வழுக்கி நகர்ந்திருக்கிறது. விரலால் தடவினால் பட்டுத்துணி போல இருக்கிறது. கனடாவின் மண் வகைப்பாட்டில் வெர்டிசால் மண்ணுக்குத் தனி வரிசை 1998-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. இந்த வழுக்குத் தளங்கள் அதன் முக்கிய அடையாளங்களுள் ஒன்று.

80 செ.மீ.-க்குக் கீழே நிறம் ஆலிவ் சாயல் கொண்ட சாம்பலாக மாறியது, அதில் துருப்புள்ளிகள். நீர் தேங்கிக் காற்று இல்லாதபோது மண்ணிலுள்ள இரும்பு கரைந்து நிறமிழக்கும். வேர்த்துளை வழியே காற்று எட்டிய இடத்தில் மறுபடி துருவாகப் படியும். ஆண்டில் எவ்வளவு காலம் நீர் நிற்கிறது என்பதற்கு இந்தப் புள்ளிகளே சாட்சி. ஒரு மீட்டர் அளவில் சுண்ணாம்புத் தூளும், சர்க்கரை போல மின்னும் ஜிப்சப் படிகங்களும் இருந்தன. வினிகரைச் சொட்டினால் சுண்ணாம்பு இருந்த இடம் நுரைத்தது. தோட்டக் கடைகளில் களிமண்ணை இளக்க ஜிப்சம் வாங்கிப் போடச் சொல்வார்கள். சோடியம் மிகுந்த மண்ணுக்கு அது மருந்து. கால்சியத்தில் ஊறிக் கிடக்கும் இந்த மண்ணுக்கு அது கடலில் உப்புக் கொட்டுவது.

ஆற்றோரம் வெட்டிய இரண்டாவது குழி வேறு கதை சொன்னது. அங்கே நாக்குகளும் இல்லை, வழுக்குத் தளங்களும் இல்லை. இடையிடையே ஒன்று முதல் மூன்று செ.மீ. கனத்தில் வெளிறிய வண்டல் வரிகள், 45 செ.மீ. ஆழத்தில் ஒரு கறுத்த வரி. அந்தக் கறுப்பு ஒரு காலத்தில் நிலத்தின் மேற்பரப்பாக இருந்து, மேலே வந்து படிந்த வெள்ள வண்டலில் புதைந்தது.

இவ்வளவு களி எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பனியுகத்தின் இறுதியில், வட அமெரிக்காவை மூடியிருந்த பெரும் பனித்தகடு வடக்கே பின்வாங்கியபோது, உருகிய நீருக்கு வடக்கே வடிய வழியில்லாமல் ஒரு மாபெரும் ஏரி தேங்கியது. 1879-இல் நிலவியலாளர் வாரன் அப்ஹாம் அதற்கு அகாசிஸ் ஏரி என்று பெயரிட்டார். அந்த ஏரியின் அசைவற்ற ஆழத்தில் அமர்ந்த நுண்களிதான் இந்தச் சமவெளி. வின்னிபெக் நகரின் கீழே அது பத்து மீட்டருக்கும் மேல் கனமாகக் கிடக்கிறது. ஏரி ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வடிந்த பின், அதன் அடித்தரையில் ரெட் ஆறு தன் தடத்தை வெட்டிக்கொண்டு, அதே களியைக் கரைத்தும் மறுபடி பரப்பியும் வருகிறது. வின்னிபெக் என்ற பெயரே இங்குள்ள பழங்குடியினரின் கிரீ மொழியில் கலங்கல் நீர் என்று பொருள்படும். பழைய ஏரித்தரை என்பதால் சரிவு மிகக் குறைவு. ஆறு ஒரு கிலோமீட்டருக்குப் பத்து செ.மீ.-க்கும் குறைவாகவே இறங்குகிறது. மேலும் அது வடக்கு நோக்கி ஓடுவதால், தெற்கே பனி உருகி நீர் வரும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்தே இருக்கிறது. 1997-ஆம் ஆண்டு வெள்ளத்தில் நீர் சில இடங்களில் 40 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவியது. மக்கள் அதைச் செங்கடல் என்றே அழைத்தார்கள்.

இனிச் சோதனைகள். ஈர மண்ணைப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நாடாவாகத் தள்ளினால், பின்நிலத்து மண் எட்டு செ.மீ. நீண்ட பின்பே அறுந்தது, ஐந்து செ.மீ.-ஐத் தாண்டினாலே அது களிமண். ஆற்றோர மண் மூன்றில் அறுந்தது. அடுத்தது கண்ணாடிக் குடுவைச் சோதனை. பொடித்துச் சலித்த மண்ணைத் தண்ணீரில் குலுக்கி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் நீர் தெளிந்துவிட்டது! களியாக இருந்தால் நாட்கணக்கில் கலங்கியிருக்க வேண்டுமே என்று குழம்பினேன். மண்ணிலுள்ள கால்சியம் களித்துகள்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து வைத்திருப்பதால் அவை வண்டலைப் போல விரைவாக அமர்கின்றன. பாத்திரம் கழுவும் எந்திரத்துக்கான தூளில் ஒரு கரண்டி போட்டு மறுபடி குலுக்கியபோது கொத்துகள் பிரிந்தன. மணல் ஒரு நிமிடத்துக்குள் அமர்ந்தது. வண்டல் சில மணி நேரத்தில் அமர்ந்தது. மூன்றாம் நாளும் மேல்நீர் கலங்கலாகவே இருந்தது. ஆனால் குடுவையில் அமரும் களி நீரை உறிஞ்சி உப்பிக் கிடப்பதால், அடுக்கின் உயரத்தை அளந்து விழுக்காடு சொல்வது தவறாகிவிடும். அதற்காக மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பின்நிலம்: களி 68, வண்டல் 28, மணல் 4 விழுக்காடு. ஆற்றோரம்: களி 34, வண்டல் 52, மணல் 14. பின்நிலத்தின் பி.எச். (அமில-காரத் தன்மை) 7.6; கரிமப் பொருள் 6 விழுக்காடு; பொட்டாசியம் தாராளம். வளத்தில் இந்த மண்ணுக்குக் குறையே இல்லை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்தது.

சுருக்கத்தை அளக்க, குழைத்த களியைப் பத்து செ.மீ. நீளக் கோலாக உருட்டி நிழலில் உலர்த்தினேன். எட்டாம் நாள் அது 8.3 செ.மீ. நீளம், எல்லாத் திசையிலும் அதே விகிதம். கன அளவில் கணக்கிட்டால் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியிருக்கிறது. குழைத்த மண் வயல்மண்ணை விடக் கூடுதலாகச் சுருங்கும் என்றாலும், வெடிப்புகளின் ஆழத்துக்கு இது போதுமான விளக்கம். இந்தக் களியில் மிகுந்திருப்பது ஸ்மெக்டைட் என்ற கனிமம். ஏட்டுச் சுவடி போன்ற மெல்லிய தகடுகளால் ஆன அதன் இடைவெளிக்குள்ளேயே நீர் புகுந்து தகடுகளை விலக்குகிறது. மற்ற களிகளில் நீர் பெரும்பாலும் துகளின் வெளிப்புறத்தில்தான் ஒட்டுகிறது.

எனக்கு அதிகம் கற்றுத்தந்தது நீர் இறங்கும் வேகத்தை அளந்த சோதனை. 15 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய்த் துண்டை எட்டு செ.மீ. ஆழம் அடித்து இறக்கி, 25 மி.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றினேன். காய்ந்த பின்நிலத்தில் முதல் ஊற்றல் நாற்பது வினாடியில் மறைந்தது. எங்கோ ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து ஓடிவிட்டது. இரண்டாவது ஏழு நிமிடம் எடுத்தது. இரவு முழுவதும் நனையவிட்டு மறுநாள் காலை ஊற்றிய அதே அளவு நீர் மாலை வரை பாதியளவு நின்றது. குறைந்ததிலும் ஒரு பகுதி வெயிலுக்குப் போனதுதான். ஆற்றோரத்தில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 35 நிமிடம், மாற்றமில்லை.

ஒரே இடத்து மண் ஒரு நாள் சல்லடை, மறுநாள் சட்டி. இந்த ஒரு அளவு என் திட்டத்தையே மாற்றியது. மண்ணுக்குள்ளே நீரை இறக்கி வடிக்க முயல்வதில் பொருளில்லை. உப்பிய பிறகு உள்ளே வழியே கிடையாது. இங்குள்ள பெரிய பண்ணைகள் நிலத்தடித் துளைக்குழாய் வடிகால் பதிக்கின்றன. கனத்த களியில் குழாய்களை நெருக்கமாகப் பதிக்க வேண்டும், மூன்று ஏக்கருக்கு அது கட்டுபடியாகாது. மேலே நிற்கும் நீரை மேலேயே ஓடவிடுவதுதான் எனக்கு இயன்றது. அதோடு, மண்ணைத் தொடும் நாளைச் சரியாகத் தேர்வது. அதற்கு ஒரு கருவியும் வேண்டியதில்லை. பத்து செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் திரி திரிக்க வேண்டும். மூன்று மி.மீ. மெல்லிய திரி உடையாமல் உருண்டால் மண் இன்னும் குழையும் நிலையில் இருக்கிறது. கலப்பையோ காலோ அதன் மேல் படக் கூடாது. அந்தப் பருமனுக்கு வருமுன் திரி நொறுங்கினால் உழவுப் பதம். 2020 மே மாதம் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் ஒரு பருவம் மிஞ்சியிருக்கும்.

அக்டோபர் 2021 முதல் வாரத்தில் திரி நொறுங்கியது. ஆற்றிலிருந்து பின்னோக்கிச் சரிவின் திசையிலேயே, 1.2 மீட்டர் அகலமும் 25 செ.மீ. உயரமும் கொண்ட மேட்டுப்பாத்திகளை எடுத்தேன்; இடையே 50 செ.மீ. சால். நடப்பது சாலில் மட்டும், பாத்தியில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். சால்கள் எல்லாம் பின்னால் ஒரு குறுக்கு வடிகாலில் சேரும். அது மூன்று மீட்டர் அகலமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள, தட்டு வடிவத் தாழ்வு. செங்குத்துக் கரை வைத்தால் இந்த மண் சரிந்து மூடிவிடும், தட்டு வடிவத்தில் புல்லும் வளரும், வண்டியும் கடக்கும். வடிகால் சாலையோரக் கால்வாயில் போய் விழுகிறது. இங்கே பண்ணை வடிகால் வெட்ட அனுமதி தேவை. என் நீர் பக்கத்து நிலத்துக்குப் போகாது என்பதைக் காட்டி அதைப் பெற்ற பிறகே வெட்டினேன்.

பாத்தியின் மேற்பரப்பைச் சமப்படுத்தவில்லை. வெட்டிய கட்டிகள் வெட்டிய வாக்கிலேயே குளிர்காலத்துக்குக் கிடக்கட்டும் என்று விட்டேன். நிலத்தின் உரிமையாளர் அதைப் பார்த்துவிட்டு, இங்கே கட்டி உடைப்பது சனவரியின் வேலை என்றார். இலைச்சருகையும் மட்கையும் ஆழமாகக் கலக்காமல் மேலே மட்டும் பரப்பினேன்.

2022 வசந்தத்தில் வெள்ளம் வந்தது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே 21 வரை பின்நிலத்தில் நீர் நின்றது. உச்சத்தில் பாத்திகளின் தலைக்கு மேலும் சில செ.மீ. ஓடியது. வடிகால் அமைத்தவனுக்கு இது சோர்வு தரும் காட்சிதான், ஆற்றின் மட்டமே உயர்ந்து நிற்கும்போது எந்த வடிகாலும் வடியாது. ஆனால் ஆறு இறங்கிய பின் வித்தியாசம் தெரிந்தது. பாத்தி எடுத்த பகுதியில் சால்கள் இரண்டு நாளில் வடிந்தன. அதை ஒட்டி எடுக்காமல் விட்டிருந்த துண்டில் ஒன்பது நாள் குட்டை நின்றது.

வெள்ளம் ஆறு மி.மீ. கனத்துக்கு வழவழப்பான வண்டல் தோலைப் போர்த்திவிட்டுப் போயிருந்தது. அது முழுதாகக் காய்ந்தால் ஓடாகும், விதை முட்டி வெளியே வராது. ஓரங்கள் சுருண்டு பிளக்கத் தொடங்கிய நாளில் வாரியால் மேலாகக் கிளறிவிட்டேன். அதன் அடியில் கட்டிகளைத் தேடினேன், கட்டி இல்லை. குளிர்காலத்தில் கட்டிக்குள் உருவாகும் பனிப்படிகங்கள் சுற்றியுள்ள களியிலிருந்து நீரை உறிஞ்சி வளர்கின்றன. களி வற்றிச் சுருங்குகிறது, படிகம் அதைப் பிளக்கிறது. பலமுறை உறைந்து உருகியதும் கடப்பாரைக்கும் மசியாத கட்டி சோளக்குருணையாக உதிர்ந்துவிடுகிறது.

வெள்ள நீர் கழிவுகளையும் கொண்டுவரும் என்பதால் அந்த ஆண்டு பச்சையாக உண்ணும் எதையும் பயிரிடவில்லை. ஜூன் 11-இல் பாதியில் பீன்ஸும், மீதியில் மண்ணைப் போர்த்த ஓட்ஸும் விதைத்தேன். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் உறைபனி வரக்கூடும் என்ற ஊரில் ஜூன் 11 மிகத் தாமதம். நீரில் மூழ்கிக் கிடந்த மண்ணில், காற்றில்லா நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை (பயிர் எடுத்துக்கொள்ளும் நைட்ரஜன் வடிவம்) வாயுவாக்கி விட்டுவிடுவதால், பயிர் முதலில் வெளிறி நின்றது. மட்கு உரத்தை மேலாக இட்ட பின் தேறியது.

முதல் ஆண்டு பீன்ஸின் மஞ்சளுக்குக் காரணம் அதுவன்று. நைட்ரஜன் குறைந்தால் முதிர்ந்த இலை வெளிறும். இரும்பு கிடைக்காவிட்டால் இளம் இலை, அதுவும் நரம்புகளுக்கு நடுவே வெளிறும். சுண்ணாம்பு மிகுந்த இந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. ஈரம் தேங்கினால் பைகார்பனேட் பெருகி நிலைமை மோசமாகும். ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சோயா விவசாயிகளுக்கு இது ஆண்டுதோறும் உள்ள தலைவலி, தாங்கும் இரகங்களைத் தேடி விதைக்கிறார்கள். மேட்டுப்பாத்தியில் வந்த பீன்ஸில் மஞ்சள் சில செடிகளோடு நின்றது.

2023-இல் ஆறு கரை தாண்டவில்லை. பாத்திகளில் திரி மே 14 அன்று நொறுங்கியது. எடுக்காத துண்டில் மே 27. பதின்மூன்று நாள் என்பது இந்தக் குறுகிய பருவத்தில் ஒரு முட்டைக்கோஸ் அறுவடையின் அளவு. கேரட்டையும் உருளைக்கிழங்கையும் ஆற்றோர மண்ணுக்கு மாற்றிவிட்டேன். களியில் முட்டைக்கோஸ், பீட்ரூட், பீன்ஸ் நன்றாக வந்தன. கோடையில் மூன்று வாரம் மழையில்லாதபோதும் அவை வாடவில்லை. களி பிடித்து வைத்திருக்கும் நீரில் பெரும்பகுதியை வேரால் பறிக்க முடியாது என்றாலும், மிஞ்சுவதே தாராளம்.

ஒரு பக்கவிளைவையும் எதிர்பார்க்கவில்லை. பனி நொறுக்கிய குருணை மண் இலேசானது. பனிப்போர்வை விலகிய ஏப்ரலில் காற்று அதை மணல் போல உருட்டிக்கொண்டு போகிறது. பாத்தி எடுத்த முதல் குளிர்காலத்தின் முடிவில் அவற்றின் ஓரத்திலிருந்த பனி கறுப்பாகியிருந்ததைப் பார்த்த பிறகு, இலையுதிர் காலத்தில் ஓட்ஸ் விதைத்து, குளிரில் அது தானாக மடிந்து வேரோடு நிற்கும்படி விடுகிறேன். இன்னொன்று, கருவிக் கொட்டகை: பாப்லர் மரத்துக்கு அருகிலுள்ள அதன் மூலைத்தூண் 2021 வறட்சியில் மூன்று செ.மீ. இறங்கியது. மரம் நீரை உறிஞ்சக் களி சுருங்கிவிட்டது. வின்னிபெக்கில் வறண்ட கோடைகளில் வீட்டு அடித்தளத்தைச் சுற்றித் தண்ணீர் விடுகிறவர்களை முன்பு விநோதமாகப் பார்த்திருக்கிறேன்; இப்போது நானும் அந்தத் தூணடியில் வாரம் ஒருமுறை வாளி கவிழ்க்கிறேன்.

குறுக்கு வடிகாலின் கடைசி இருபது மீட்டரில் ஏழு செ.மீ. வண்டல் சேர்ந்திருக்கிறது, அங்கே நீர் திரும்பவும் தயங்குகிறது. அதை வழித்தெடுத்துப் பாத்திகளின் மேலேயே போட எண்ணியிருக்கிறேன். வேலையை ஆகஸ்டுக்கு ஒதுக்கியுள்ளேன், அன்று காலை திரி நொறுங்கினால்.